மறந்தவர்களுக்காக யார் புகார் கொடுப்பது?



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த திருவரங்கம், ஓய்வூதியக்காரர்களின் ஊர் என்று பெயர் பெற்று நெடுங்காலம் ஆகிறது. கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் அம்மா மண்டபம் சாலையிலும் எழுந்துள்ள அடுக்ககங்களில் கணவனும் மனைவியுமாக, அல்லது இருவரில் ஒருவர் மட்டுமாக, முதியவர்கள் வாழ்கிறார்கள். ஆற்றுக்கு இப்பால் திருச்சியிலும் நிலைமை அதுவே. பொன்மலை ரயில்வே பணிமனையிலும் திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனத்திலும் உழைத்து ஓய்வு பெற்ற நம் பங்கு மக்கள் பலரின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். இவர்களுக்காக முதியோர் இல்லங்கள் பெருகுகின்றன. அறக்கட்டளைகள் நடத்துபவை, கட்டணம் வாங்கி நடத்துபவை, நம் துறவற சபைகள் நடத்துபவை எனப் பலவகை. இவ்வில்லங்களில் வாழ்வோருள் ஒரு பிரிவினரைப் பற்றி மட்டும் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய்க்கு ஆளானவர்களே அவர்கள்.

2023-ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 இலட்சம் பேர். திருச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 27 இலட்சம். தமிழகத்தில் எட்டுப் பேரில் ஒருவராவது 60 வயதைக் கடந்தவர் என்று வைத்துக்கொண்டால், நம் மாவட்டத்தில் மட்டும் 25 ஆயிரம் பேர் இந்நோயோடு வாழக்கூடும். இது நாம் போட்ட தோராயக் கணக்குதான். அரசின் கணக்கு அல்ல.

இந்நோயாளரின் நிலை மற்ற முதியோரின் நிலையிலிருந்து ஒரு வகையில் முற்றிலும் வேறுபட்டது. மூட்டுவலியோடு இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி, சோறு சரியில்லை என்றால் மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். மறதி நோய் முற்றியவரால் அது இயலாது. காலையில் தன்னை யார் அடித்தார்கள் என்பது மாலையில் அவருக்கு நினைவிருக்காது. நினைவிருந்து சொன்னாலும், "அவருக்குத்தான் புத்தி சரியில்லையே" என்று எளிதாகத் தள்ளிவிடலாம். பசித்ததா, மருந்து கொடுத்தார்களா, எத்தனை மணி நேரம் ஈரத்துணியோடு கிடந்தார் என்பதற்கெல்லாம் சாட்சி இல்லை. சாட்சி சொல்ல இயலாதவர் வாழும் இடத்தில், வெளியிலிருந்து வந்து பார்க்கும் கண் ஒன்று கட்டாயம் வேண்டும். கண்காணிப்புச் சட்டத்தின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை அரசு அமைக்கலாம் என்றது. அது முதன்மையாக ஜீவனாம்சம் பற்றிய சட்டம். மறதி நோயாளரைப் பராமரிப்பது எப்படி என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இக்குறையைப் போக்க, பராமரிப்பு இல்லங்கள் அனைத்தும் பதிவுபெற வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்கப்பட வேண்டும் என்னும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வந்தது. நிலைக்குழு ஆராய்ந்தது. பின்னர் 2024-இல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று.

மறுபக்கம் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நினைவாற்றலைப் பெரிதும் குலைக்கும் கோளாறும் அச்சட்டத்தின் விளக்கத்துக்குள் அடங்குவதால், மறதி நோயாளரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லமும் அதன்கீழ் வரும் என்று வாதிடலாம். ஆனால் "எங்களுடையது முதியோர் இல்லம், மனநல மருத்துவமனை அல்ல" என்று நடத்துவோர் நினைக்கிறார்கள். அதிகாரிகளும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சட்டங்களுக்கும் இடையே உள்ள சந்தில் நம் பெரியவர்கள் நிற்கிறார்கள்.

இந்த 2017 சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழகத் துயரம் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்யும் பிரிவு அதன்பின் பதினாறு ஆண்டுகள் கழித்தே சட்டத்தில் ஏறியது. அதே சட்டத்தில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இன்னொரு பிரிவும் உள்ளது: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது. நம் ஊர் இல்லங்களில் கைகளைக் கட்டிலோடு சேலைத் துணியால் கட்டுவதற்கு வேறு என்ன காரணம் இருக்கிறது? கொடுமைக்காகக் கட்டுபவர்கள் சிலரே. இரவில் முப்பது பேருக்கு ஒரு பணியாளர் இருப்பதால் கட்டுபவர்களே மிகுதி. சட்டம் அந்தச் சாக்கைத்தான் ஏற்க மறுக்கிறது.

இங்கே நமக்குக் கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் நம் சபையைச் சேர்ந்த குருவானவர் நடத்திய கருணை இல்லம் செய்திகளில் அடிபட்டது. அதிகாரிகள் சோதனையிட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். உரிமம் முந்தைய ஆண்டே காலாவதியாகிவிட்டது என்றார்கள் அதிகாரிகள். இல்லத்தார் தங்கள்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். அன்று நம்மில் பலர், சிறுபான்மையினர் என்பதால் குறிவைக்கிறார்கள் என்று கூறினோம். எலும்பு வணிகம் போன்ற வதந்திகளைப் பரப்பியவர்களைப் பற்றி அப்படிக் கோபப்பட இடமிருந்தது. ஆனால் காலாவதியான உரிமத்துக்கு அந்தக் கோபம் பதிலாகாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் நடந்தது இன்னும் கொடியது. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடி உறவினர் வந்தபோது அவர் இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள், அங்கும் இல்லை. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே முறையான பதிவின்றி அவ்வில்லம் நடந்துவந்தது அம்பலமாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். தேடி வர ஓர் உறவினர் இருந்ததால் வெளிவந்த செய்தி அது.

சரி, எத்தகைய தரம் வகுப்பது? இதில் எச்சரிக்கை தேவை. தரம் என்றதும் நம் அலுவலர்கள் அளவுநாடாவை எடுப்பார்கள்: அறைக்கு எத்தனை சதுரஅடி, தரையில் ஓடு உண்டா, தீயணைப்புச் சான்றிதழ் உண்டா என்பார்கள். தீயணைப்பு வேண்டியதே, ஏர்வாடியை மறக்கவில்லை. ஆனால் சதுரஅடியை மட்டும் அளந்தால், ஓட்டுக்கூரைக்குக் கீழே பன்னிரண்டு பாட்டிமாரைப் பெயர் சொல்லி அழைத்துக் குளிப்பாட்டும் அருள்சகோதரிகளின் சிறு இல்லம் மூடப்படும். பளிங்குத் தரை போட்டு, தூக்க மாத்திரையால் எல்லாரையும் அமைதிப்படுத்தி வைத்திருக்கும் இல்லம் சான்றிதழ் பெறும். மறதி நோயாளருக்கு மனநோய் மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. நம் இல்லங்களில் அம்மாத்திரையை யார் எழுதித் தந்தார், எப்போது நிறுத்துவது என்று கேட்கும் ஏற்பாடு உண்டா?

ஆகவே அளக்க வேண்டியவை வேறு. இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? மாலை மங்கும் வேளையில் "வீட்டுக்குப் போகணும்" என்று இவர்கள் பதறுவது இந்நோயின் இயல்பு. அந்நேரத்தில் கூட நடக்க ஓர் ஆள் உண்டா, அல்லது கதவுக்குப் பூட்டுதானா? கட்டிவைத்ததும் மருந்து கொடுத்ததும் பதிவேட்டில் ஏறுகிறதா? ஆஸ்திரேலியா இவ்வழியில் சென்றிருக்கிறது. முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணையம் 2021-இல் அறிக்கை தந்தபின், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பை நிமிடங்களில் வகுத்தார்கள். 2024 அக்டோபர் முதல் சராசரியாக 215 நிமிடங்கள். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது. நம்மால் அந்த எண்ணை உடனே எட்ட இயலாது. ஆனால் நிமிடத்தை எண்ணும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேடு என்றதும் நம் இல்லங்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். "இறைவனுக்காகச் செய்கிறோம், எதற்கு எழுத்து வேலை?" என்பார்கள். நம் சபைகளில் இல்லத்தலைவிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறார்கள். எந்த அம்மாவுக்கு இட்லியைத் தண்ணீர்போல் கரைத்துக் கொடுக்க வேண்டும், எந்த ஐயா வாசல்பக்கம் நடக்கத் தொடங்குவார், யார் செபமாலை சொல்லக் கேட்டால் அமைதியாவார் என்பதெல்லாம் பழைய தலைவியின் தலைக்குள் இருக்கிறது. அவரோடு அதுவும் இடமாற்றம் பெற்றுவிடுகிறது. எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கும் அந்த அன்பு கிடைக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் விருந்து தருபவர்கள் இவர்களோடு படம் எடுத்துப் பரப்புகிறார்கள். படத்துக்குச் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரின் படம் எதற்கு?

சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில், தந்தையின் அறிவு தளரும் நாளிலும் மகன் பொறுமை காக்க வேண்டும் என்று படிக்கிறோம். அந்த மகன் வெளிநாட்டில் இருந்தால், அவனது கடமையை ஏற்றுக்கொண்ட இல்லத்துக்கும் அது பொருந்தும். அரசு ஒழுங்குமுறையைத் திரு அவை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இத்தாலி ஒரு சான்று. அங்கே முதியோர் பராமரிப்பைச் சீரமைக்க நலவாழ்வு அமைச்சகம் 2020-இல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது திருப்பீட வாழ்வுக் கழகத் தலைவராக இருந்த பேராயர் வின்சென்சோ பாலியா. அப்பணி 2023 மார்ச்சில் சட்டமாக நிறைவேறியது.

நம் மறைமாவட்டத்தில் தொடங்க முடியாததா இது? முதலில், மறதி நோயாளர் எத்தனை பேர் நம் இல்லங்களில் உள்ளார்கள் என்ற பட்டியலை நாமே எடுத்து, யாரும் கேட்குமுன் மாவட்ட சமூகநல அலுவலரிடம் கொடுக்கலாம். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வாரந்தோறும் இல்லங்களுக்குச் செல்கிறார்கள். பழம் கொடுத்து, செபித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சி தந்து, முன்னறிவிப்பின்றி, மாலையிலும் இரவிலும் செல்லும்படி கேட்கலாம். திருவரங்கத்துப் பிற சமயச் சகோதரர்கள் நடத்தும் இல்லங்களும் விரும்பினால் நாமும் அவர்களும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் பற்றிய கேள்வி நியாயமானது. மறதி நோயாளர் இல்லங்களுக்கு மத்திய அரசின் மூத்த குடிமக்களுக்கான ஒருங்கிணைந்த திட்டத்தில் நிதியுதவிக்கு இடமுண்டு. குறைந்தது 20 பேர் இருக்க வேண்டும். நம் இல்லங்கள் பலவும் அதைவிடச் சிறியவை. ஆகவே இரவுப்பணிக்கு இன்னொருவரை அமர்த்தும் சம்பளம் வேறெங்கிருந்தோ வர வேண்டும். ஒரு பங்கின் திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே இரவில் ஆகும் தொகையையும், அப்பணியாளரின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். பங்குப்பேரவைகள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பேசும்போது இந்த இரண்டு எண்களும் மேசைமேல் இருக்கட்டும்.