நாய் இருக்கா? அப்போ வீடு இல்லை!

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் செயற்கை நுண்ணறிவு, சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் ‘நாயோடு வாடகை வீடு’ என்று கொடுத்தேன். மலர்க்குழுவில் ஒருத்தர் சிரித்தார். சிரிக்கட்டும். அவர் சொந்த வீட்டுக்காரர்!

எங்கள் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். ராணிப்பேட்டைப் பக்கம் வேலை மாறியது. எனக்கோ வேலூரில் படிப்பு. சரி, நடுவில் வேலூரிலேயே வீடு பார்ப்போம் என்று கிளம்பினோம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி, அப்புறம் மணி. மணி ஆறு வயசு நாட்டு நாய். (தமிழ்நாட்டில் நாய்க்கு வேறு பெயர் வைப்பார்களா என்ன?)

காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி, தொரப்பாடி, காட்பாடி காந்தி நகர் என்று ‘டு-லெட்’ போர்டு தொங்கிய இடமெல்லாம் ஏறி இறங்கினோம். மொத்தம் 14 வீடு. வேலூர் நிலவரம் உங்களுக்குத் தெரியும். சி.எம்.சி.க்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற நோயாளிகளுக்கு நாள் கணக்கில் ரூம் விடலாம். வி.ஐ.டி. பிள்ளைகளுக்கு ஆள் கணக்கில் விடலாம். மாச வாடகைக் குடும்பம் என்றாலே முகம் சுருங்குகிறது. அதில் நாய் வேறு!

“எத்தினி பேருப்பா?”

“நாலு பேரு சார். ஒரு நாய் இருக்கு.”

“நாயா? வேணாம்பா. மேல பசங்க இருக்காங்க.” கேட் மூடிவிடும்.

வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. நாய் குரைக்கும், முடி உதிரும், மாடிப்படியில் அசிங்கம் பண்ணும். ரேபிஸ் பயம் வேறு. அந்த நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அபூர்வம் என்பதால் பயப்படுவது நியாயமே. போதாததற்கு 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 22-ம் தேதி அதை மாற்றியதிலிருந்து, டி.வி.யில் நாய் விவாதம் பார்க்காத வீடே இல்லை.

ஒரு பெரியவர் நேர்மையாகச் சொன்னார். “தம்பி, இது தொழுகை நடக்குற வீடு. நாய் உள்ள வந்தா எங்களுக்கு ஆகாது. தப்பா நெனைக்காதீங்க. காவலுக்கு வெளியில கட்டுறது வேற. எங்க டேனரியிலயே ரெண்டு கெடக்கு.” டீ கொடுத்து அனுப்பினார். இப்படிக் காரணம் சொல்கிறவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் இன்னொரு வகை ஆட்களிடம்தான். ஒரு வீட்டில் நாயைப் பற்றிச் சொன்னபோது “பாத்துக்கலாம்” என்றார்கள். அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு போயிற்று. பிறகு “அப்பா எங்க வேல?” என்றார்கள். லெதர் என்றோம். சொந்த ஊர், தெரு, “என்ன ஆளுங்க?” என்று கேள்வி எங்கே போய் நின்றது என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில், “நாய் இருக்கே தம்பி, அதான் யோசனை” என்றார்கள். மறு மாதம் அந்தப் பக்கம் போனேன். அதே போர்ஷனில் ஒரு லாப்ரடார் பால்கனியில் நின்று என்னைப் பார்த்து வாலாட்டியது! சிலருக்கு நாய் ஒரு சாக்கு. சாதியைச் சொல்லி மறுக்க வாய் கூசுகிறது, மணியைச் சொல்லி மறுக்கக் கூசவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-ல். அதற்கு மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் 2015-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, எல்லோரும் கூடித் தீர்மானம் போட்டாலும் செல்லாது என்றது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது.

ஆனால் இதெல்லாம் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு. நமக்குக் கிடைப்பது கீழே ஓனர், மேலே நாம் என்ற போர்ஷன். அவர் வீடு, அவர் இஷ்டம். சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய் ஓனரிடம் சட்டம் பேசினால் அந்த வீடும் போகும். இதில் என் நண்பர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ‘கேஸ் போடு’ என்கிறார்கள். வாடகைக்கு வழியில்லாதவன் எங்கே கேஸ் போடுவது?

சட்டத்தில் நமக்குப் பயன்படும் இடம் வேறு. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நம் பக்கம் இன்னும் வாய்ப்பேச்சுதான். எழுதுகிறபோதே நாய் விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். ஒரு நாய், இந்த வயசு, ஊசி போட்டது, சேதம் செய்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று. 15-வது வீட்டில் நாங்கள் இப்படித்தான் எழுதினோம். ஓனரம்மா மணியைப் பார்க்கவே இல்லை, ஊசி அட்டையைத்தான் ரெண்டு தடவை புரட்டிப் பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் எத்தனை பேர், “அத எங்கியாவது உட்டுட்டு வாங்களேன்” என்றார்கள் தெரியுமா? இதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடு மாறும்போது நாயைப் பாலாற்று ஓரம் இறக்கிவிட்டு வருவது நம் பக்கம் சாதாரணம். தோல் சீவிய சதைக் கழிவு கொட்டுகிற இடத்தில் அது போய்ச் சேரும். அங்கே ஏற்கெனவே இருக்கிற கூட்டம் அதைக் குதறும். ஊசி அதோடு நின்றுபோகும், குட்டி பெருகும். பிறகு அதே நாய்க்கூட்டத்தைப் பார்த்து ஓனர் பயப்படுவார், அடுத்து வருகிறவனுக்கு வீடு கிடைக்காது. வளர்த்த பிராணியைப் பட்டினிக்குக் கைவிடுவது 1960-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் முதல் தடவைக்கு வைத்த அபராதம் எவ்வளவு? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டீக்கு ஆகிற காசு.

நாய் வைத்திருக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மூணு மாசத்தில் முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். கருத்தடை செய்துவிட்டால் அலைச்சலும் சண்டையும் குறையும். லூயி பாஸ்டர் 9 வயதுப் பையனுக்கு முதன்முதலில் இந்த ஊசி போட்ட நாள் 1885 ஜூலை 6. அந்த நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துகிறார்கள். மறக்காமல் அட்டை வாங்கி வையுங்கள், ரேஷன் கார்டு மாதிரி.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. முதலாம் ஆண்டில் சேருகிற வெளியூர்ப் பிள்ளைகள் ஜூன், ஜூலையில் வீட்டுக்கும் ரூமுக்கும் அலைகிறார்கள். சங்க அறையில் ஒரு நீள நோட்டு போட்டு வைக்கலாம். எந்தத் தெருவில் என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், தண்ணீர் எப்படி, நாய்க்குச் சம்மதமா, எந்த ஓனர் தேவையில்லாத கேள்வி கேட்கிறார் என்று வீடு பார்த்து வந்தவர்கள் எழுதிவிட வேண்டியதுதான். நோட்டு வாங்க 100 ரூபாய் கூட ஆகாது. தேர்தல் முடிந்து வருகிற செயலாளர் கவனிக்கவும்.