நோயுற்ற கோழிக் குஞ்சுகளும் வீட்டுச் சிகிச்சையும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் செல்லும் பெருஞ்சாலையை அடுத்துள்ள தாமல் கிராமத்தில், ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குடியானவர்கள் நெற்பயிரைக் குறித்துக் கொள்ளும் கவலை யாவரும் அறிந்ததே. அதே மாதங்களில் கொல்லைப்புறத்துக் கூடையின்கீழ் நடுங்கி மடியும் கோழிக் குஞ்சுகளைப்பற்றி ஒருவரும் கணக்கெழுதுவதில்லை. பயிரில் புகையான் கண்டால் அன்றே விவசாய அதிகாரியைத் தேடிப் புறப்படும் நிலச்சுவான்தார், பொரித்த பத்துக் குஞ்சுகளில் ஏழு மாண்டன என்று கேட்டால், "கோழிக்குச் சீக்கு வருவது புதிதா?" என்று கூறி அப்பாற் செல்கிறார். அக்கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைகளின் சொந்த உடைமை. முட்டை விற்ற காசு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும், வைத்தியச் செலவுக்கும், யாரிடமும் கைநீட்டாமல் வாங்கும் சிறு சாமான்களுக்கும் உதவுவது. ஆண்கள் அதனை அற்பமென எண்ணுவதற்கு இதுவே காரணம் போலும்.

இவ்வலட்சியத்தால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. வெப்பமும் உலர்ந்த இடமும் தந்தால் வீட்டிலேயே பிழைத்துக்கொள்ளும் குஞ்சுக்கு, கடையில் கேட்ட மாத்திரையைப் பொடித்துப் புகட்டுகிறார்கள். வீட்டில் எவராலும் குணப்படுத்த இயலாத தொற்றுநோய்க்கோ, பச்சிலை அரைத்துக் கொடுத்துக்கொண்டு, தெரு முழுவதும் அது பரவும் வரையில் காத்திருக்கிறார்கள். எது வீட்டால் ஆகும், எது ஆகாது என்று பகுத்தறிவதே இவ்விஷயத்தில் முதற் காரியம்.

பொரித்த குஞ்சு, முதற் சில வாரங்கள் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதது. முட்டையின் மஞ்சட்கரு அதன் வயிற்றினுள் சென்று அடங்கியிருப்பதால் இரண்டொரு நாள் இரையின்றியும் உயிர்வாழும். வெப்பமின்றியோ சில மணி நேரத்தில் சோர்ந்துவிடும். முதல் வாரத்தில் ஏறக்குறைய 95 பாரன்ஹீட் பாகை வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் ஐந்து பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழியின் சிறகின்கீழ் இவ்வெப்பம் தானே கிடைக்கிறது. ஆனால் அடைமழையில் தாயுடன் மேயச் சென்று நனைந்து திரும்பிய குஞ்சுக்கும், தாயைப் பருந்துக்கோ நாய்க்கோ பறிகொடுத்த குஞ்சுக்கும் அஃது இல்லை. கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்து, தலை தொங்கி ஓரமாக நிற்கும் குஞ்சைக் கண்டவுடன் "நோய்" என்று முடிவுகட்டுதல் வழக்கம். அவற்றுள் பலவற்றுக்கு முதலில் வேண்டுவது மருந்தன்று, சூடேயாம்.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது, சோர்ந்த குஞ்சை மற்றவற்றினின்றும் பிரித்து, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த உமி பரப்பிய அட்டைப்பெட்டியிலோ பழங்கூடையிலோ விடுவது. பெட்டியின் ஒரு மூலைக்கு மேலாக, ஒரு முழ உயரத்தில், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடலாம். பெட்டி முழுவதையும் சூடாக்கலாகாது. ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் தணிவும் இருப்பின் குஞ்சு தனக்கேற்ற இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். குஞ்சுகள் விளக்கின்கீழ் ஒன்றன்மேலொன்றாக நெருங்கினால் சூடு போதவில்லை என்றும், வாய் திறந்து இளைத்து ஓரத்துக்கு ஒதுங்கினால் மிகுந்துவிட்டது என்றும் அறிக. உஷ்ணமானி வாங்க இயலாத வீட்டுக்கும் இந்த அளவுகோல் போதும். பல்பின்மீது துணியையோ கோணியையோ போர்த்துவது வீட்டுக்கே தீ வைப்பதாகும். மின்சாரம் தடைப்படும் மழை இரவுகளில், வெந்நீர் நிறைத்து இறுக மூடிய புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். புகையும் மண்ணெண்ணெய் விளக்கு ஆகாது.

தண்ணீர் அடுத்தது. ஆழமில்லாத தட்டில், கூழாங்கற்கள் சில இட்டு, வெதுவெதுப்பான நல்ல நீர் வைத்தல் வேண்டும். கற்கள் இல்லாவிடில் தளர்ந்த குஞ்சு அதிலேயே விழுந்து மாளும். முதலிற் சிறிது வெல்லம் கரைத்துக் கொடுத்தால் தெம்பு வரும். ஆனால் கரண்டியால் தொண்டைக்குள் ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அந்நீர் மூச்சுக்குழாயிற் புகுந்து, நோயால் சாகாத குஞ்சைச் சிகிச்சையால் சாகடிக்கிறது. அலகின் நுனியை நீரில் ஒருமுறை நனைத்துவிட்டால் குஞ்சு தானே பருகும்.

இரைக்கு நொய்யும் கம்பும் கேழ்வரகும் போதுமென்று எண்ணுவோர் பலர். அவை வயிற்றை நிரப்புமேயன்றி வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தைப் போதிய அளவு தாரா. இவ்விடத்தில் பெரியோர் கையாண்ட முறை ஒன்று நினைவுகூரத்தக்கது. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த கோணித்துண்டு ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் பானை கொள்ளாத கரையான் சேர்ந்திருக்கும். செலவில்லாமற் கிடைக்கும் இப்புரத உணவைக் குஞ்சுகள் விரும்பித் தின்னும். தீவனக் கடைக்கு வழி தெரிந்த பின்னர் இதை மறந்தது புத்திசாலித்தனமன்று.

ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொண்டால், வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெதுவாக அகற்றி, நன்கு உலர்த்தி, வெப்பத்தில் விடவேண்டும். பிய்த்திழுத்தால் தோல் கிழியும். மூன்றாம் வாரத்துக்குமேல் எச்சத்தில் இரத்தம் கண்டால் அஃது இரத்தக் கழிச்சல். இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் ஈரமான தரையில் இரண்டொரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு முதிர்வது. ஆகவே நனைந்த உமியை அன்றன்றே அள்ளி எறிந்து உலர்ந்ததை இடுதல், மருந்துக்குச் சமமான சிகிச்சை. இந்நோய்க்கு ஆம்ப்ரோலியம் என்னும் நல்ல மருந்தும் உண்டு. அதனைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் நீரில் கலந்து கொடுக்கவேண்டும். குஞ்சுகளைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதலைக் குழந்தைகளுக்கும் பழக்குதல் நலம்.

மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப்பற்றி ஒரு வார்த்தை. குளிரால் நடுங்கும் குஞ்சுக்கும், வைரஸால் வந்த நோய்க்கும் அவை சிறிதும் பயன்படா. அவற்றைக் கண்டபடி பிரயோகித்தால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் உண்டாகி, நாளை அதே வீட்டுக் குழந்தைக்கு மருந்து வேலை செய்யாமற் போகக்கூடும். மனிதருக்குக் கடைசிப் புகலிடமாய் உள்ள கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசாங்கம் 2019-இல் தடைசெய்தது இதுபற்றியே.

இனி, வீட்டால் ஆகாதது வெள்ளைக் கழிச்சல். எச்சம் வெண்மையாகவோ பச்சையாகவோ நீர்த்துக் கழிதல், வாய்பிளந்து மூச்சுவிடுதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், காலும் சிறகும் இழுத்துக்கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் 1926-இல் காணப்பட்ட இந்நோய், மறு ஆண்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய் எனப்படுகிறது. இதற்கு மருந்தில்லை. சீரகமும் மிளகும் மஞ்சளும் கீழாநெல்லியும் உடலுக்குத் தெம்பு தரலாம். அவற்றை நம்பித் தடுப்பு மருந்தைக் கைவிடுதல் பெரும் பிழை.

ராணிக்கேத்துக்கும் இராணிப்பேட்டைக்கும் பெயரிலுள்ள ஒற்றுமை தற்செயலானதே, ஆனால் பொருத்தமானது. தாமலிலிருந்து அதே பெருஞ்சாலையில் மேற்கே சென்றால் எட்டும் இராணிப்பேட்டையில், 1932-இல் தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், இந்நோய்க்கும் தடுப்பு மருந்து செய்து உதவிவந்துள்ளது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவது முறை. நலமாயுள்ளவற்றுக்கே இடவேண்டும், கழுத்து முறுக்கிய பின்னர்த் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

ஒரு கஷ்டம் உண்டு. இம்மருந்து நூறு, இருநூறு கோழிகளுக்கான அளவில் ஒரே குப்பியாக வருவது. பனிக்கட்டியில் வைத்துக் காக்கவேண்டுவது. கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குமேல் உதவாது. பத்துக் குஞ்சு வைத்திருக்கும் ஏழைப் பெண் தனியே குப்பி உடைக்க முடியுமா? முடியாது. தெருவிலுள்ள எல்லாக் கோழிகளையும் ஒரே நாளில் சேர்த்தாலன்றி அது நடவாது. கால்நடை மருந்தகத்தார் முகாமிட முன்வந்தாலும், கோழிகள் விடியலில் கூட்டைவிட்டுப் பறக்குமுன் வீடுவீடாகச் சொல்லிவைத்து அடைத்து நிறுத்த ஆள் வேண்டும். இங்கேதான் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கைகொடுக்கவேண்டும். தண்டோராவுக்கும் ஒரு பனிக்கட்டிப் பெட்டிக்கும் ஆகும் செலவு பெரிதன்று. ஊசியிடாத ஒரு வீட்டுக் கோழிகளே, தெருவிலுள்ள மற்ற வீடுகளின் குஞ்சுகளுக்கு எமனாகக்கூடும்.

இது தருமம் மட்டுமன்று, சட்டமுமாகும். 2009-ஆம் ஆண்டின் பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அட்டவணையிற் கண்ட நோய் உண்டென்று ஐயுறும் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கவேண்டும் என்றும், நோயுற்றவற்றைப் பிரித்து வைக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. வெள்ளைக் கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் அவ்வட்டவணையில் உள்ளன. கர்ணமும் மணியக்காரரும் 1980-இல் போய்க் கிராம நிர்வாக அலுவலர் வந்தபின், பட்டாவும் சிட்டாவுமே அவ்வலுவலகத்தின் முழுவேலை என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. கோழி செத்ததை அங்குப் போய்ச் சொல்வதா என்று நகைப்பவர், ஒரே இரவில் பல கோழிகள் மாண்டால் அது மனிதருக்கும் ஆபத்தான காய்ச்சலாக இருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை.

இதனினும் வெறுக்கத்தக்க வழக்கம் ஒன்று இருக்கிறது. கூட்டில் ஒன்றிரண்டு தலைசாய்ந்தவுடன், எஞ்சியவற்றை விடியுமுன் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கியவர் வீட்டிலும் குஞ்சுகள் உண்டு. அவ்வூரிலும் தெருக்கள் உண்டு. செத்தவற்றை ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் எறிந்தால் நாயும் காக்கையும் மிச்ச வேலையை முடித்துவிடும். மூன்றடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க அரைமணி நேரம் போதும். கூடையையும் தட்டையும் கழுவி, வெயிலில் பல நாள் காயவைத்த பின்னரே அடுத்த அடைக்குக் கோழியை வைக்கவேண்டும்.