கன்னத்தில் மங்கா? கலங்க வேண்டாம்!

"பிள்ளை உண்டானதிலிருந்து கன்னத்துல கருப்பா படர்ந்திருக்கே!" என்று கண்ணாடி முன் கலங்குகிறீர்களா, சகோதரி? இதுதான் மங்கு. கர்ப்ப கால ஹார்மோன் மாறுதலும் வெயிலும் சேர்ந்து உண்டாக்குவது, தொற்றாது. பிரசவத்துக்குப் பின் பலருக்கு மெல்லக் குறைந்துவிடும்.

அடுப்பு அனலும் மங்கை அதிகமாக்கும். ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுடும் சகோதரிகள் அடுப்பை விட்டுச் சற்றுத் தள்ளியே உட்காருங்கள். வெயிலில் போனால் குடை அவசியம்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று மருந்துக் கடைக் களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததானால் முதலில் முகம் பளிச்சென்றிருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே அரசு உத்தரவிட்டது.

மங்கு குறையவில்லையா? சேலம் அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் கொடுப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்!