வருகைப் பதிவும் மனப்பற்றும்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொரோனா நோயை முன்னிட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சிப்பந்திகள் லக்ஷக்கணக்கில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாயினர். அடுத்த மாதமே, சுமார் நாலரை லக்ஷம் சிப்பந்திகளையுடைய டாடா கன்சல்டன்ஸி சர்வீஸஸ் கம்பெனியார் ஒரு திட்டத்தைப் பிரகடனம் செய்தனர். 2025-க்குள், எந்தச் சமயத்திலும் நூற்றுக்கு 25 பேர் மட்டும் காரியாலயத்தில் இருந்தால் போதும் என்பதே அது. 2023 அக்டோபரிலோ, வாரத்தில் ஐந்து நாளும் வந்தாக வேண்டுமென்று அதே கம்பெனியார் உத்தரவிட்டனர். வருகை நூற்றுக்கு 60-க்குக் குறைந்தால் காலாண்டுக்கான மாறும் ஊதியம் கிடையாது என்ற விதி 2024 ஏப்ரலில் வெளியாயிற்று.

கொள்கையை மாற்றிக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமையில்லை என்று நாம் வாதிக்கவில்லை. நோய்க் காலத்தில் சேர்ந்த இளைஞர்கள் கம்பெனியின் பழக்க வழக்கங்களில் ஊறவேண்டும், ‘இது நம் ஸ்தாபனம்’ என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாக வேண்டும் என்று நிர்வாகிகள் கூறுவதில் நியாயமும் இருக்கிறது. தபாலில் வந்த கம்ப்யூட்டரைத் திறந்து, மேலதிகாரியைத் திரையில் மட்டுமே கண்டு வேலை பழகியவர்கள் அநேகர். பக்கத்து மேஜைக்காரரிடம் அரை நிமிஷத்தில் கேட்டுவிடக்கூடிய சந்தேகத்தை எழுத்தில் கேட்கக் கூசி, நாள் முழுதும் தவிப்பவன் புதியவன்தான். தூரத்திலிருந்தே கூட்டம் நடத்தும் கருவியை விற்கும் ஜூம் கம்பெனியாரே, 50 மைலுக்குள் வசிப்போரை வாரம் இரண்டு நாள் வரச்சொன்ன வேடிக்கையும் 2023 ஆகஸ்டில் நடந்தது.

ஆனால், வருவது எதற்காக? சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலைக் கடந்து வருகிறவனுடைய குழுவினர் பூனாவிலும் நொய்டாவிலும் இருப்பார்களாயின், அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வீட்டில் கண்ட அதே திரையோடுதான் பேசப்போகிறான். இதனால் வருகைப் பதிவு நிரம்பும், மனம் நிரம்புமா?

சீனாவின் ட்ரிப்.காம் கம்பெனியில் நடந்த பரீக்ஷை இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. 1,612 சிப்பந்திகளைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைக் கொண்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் புதன், வெள்ளி இரு தினங்களிலும் வீட்டிலிருந்து வேலை செய்ய அநுமதி தந்தார்கள். 2024-ல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த முடிவுப்படி, அவர்களில் வேலையை விட்டு விலகியோர் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்தது. வேலைத் திறனிலோ பதவி உயர்விலோ குறைவு ஏற்படவில்லை. பெண்களிடமும் தொலைவிலிருந்து வருபவர்களிடமுமே பலன் தெளிவாகக் காணப்பட்டது. ஆரம்பத்தில் சந்தேகித்த மானேஜர்களும் பின்னர் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டனர். அங்கே நாட்கள் யாவருக்கும் முன்கூட்டித் தெரிந்தவை. மற்ற மூன்று நாட்களில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அபராதம் விதித்துச் சேர்த்த கூட்டமல்ல அது.

ஒரு குழுவினர் அனைவரும் ஒரே நாட்களில் வரும்படி ஏற்பாடு செய்வது முதற்காரியம். அந்நாட்களில் புதியவர்களை மட்டும் வரவழைத்துவிட்டு, அவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய மூத்தவர்கள் வீட்டிலிருப்பது தகாது. அதிகாரியின் கண்ணில் படுகிறவனுக்கே பதவி உயர்வு என்ற நிலை ஏற்பட்டால், குழந்தையை முன்னிட்டு வீட்டிலிருந்து உழைக்கும் ஸ்திரீகள்தான் முதலில் பின்தள்ளப்படுவார்கள்.

இந்நாட்களை நிர்ணயிப்பது யார் என்பதே முக்கியமான கேள்வி. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களில், இரு தரப்பினரும் சேர்ந்த கமிட்டியை ஏற்படுத்தும்படி உத்தரவிட 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் ஸர்க்காருக்கு அதிகாரமளித்தது. 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஆலைகளுக்கென்று தோன்றிய அந்த யோசனையைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் நடைமுறைக்குக் கொண்டுவரும்படி தொழிலாளர் சங்கத்தார் ஸர்க்காரைக் கேட்கலாம். எந்த நாள் வருவது, யார் யார் சேர்ந்து வருவது என்ற விஷயங்களே அக்கமிட்டியின் முதற்கூட்டத்துக்குப் போதும்.