உணர்வு சாட்சி, தீர்ப்பு நம்முடையது

"அழாத புள்ள, சபூர் செய்." "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு கோவம் கூடாது." "மத்தவங்கட நல்லதப் பாத்து எரிச்சல் படாத, அது பாவம்."

நம் வீடுகளில் இந்த மூன்று வாக்கியங்களையும் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. சொன்னவர்கள் நம்மில் அன்புள்ளவர்கள். நமக்கு நன்மை நாடியே சொன்னார்கள். ஆயினும் இவ்வாக்கியங்கள் இரண்டு வேறு விடயங்களை ஒன்றாகக் கலந்து விடுகின்றன என்பது என் கருத்து. மனதில் ஓர் உணர்வு எழுவது ஒன்று. அந்த உணர்வை வளர்ப்பதும், அதன்படி பேசுவதும், நடப்பதும் இன்னொன்று. முதலாவது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இரண்டாவதற்கு நாமே பொறுப்பாளிகள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவருக்குப் பிறரைப் பற்றி நியாயமாகத் தீர்ப்புச் சொல்வதும் கடினமாகிவிடும்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாள். ஒன்றாக இருந்து படித்த இரு தோழியரில் ஒருத்திக்கு 9 ஏ. மற்றவளுக்கு 5 ஏ. ஐந்து எடுத்தவளின் நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது. அதன் பெயர் பொறாமை. ஆனால் பொறாமைப்படுபவள் கெட்டவள் என்றே அவளுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. தன்னைக் கெட்டவள் என்று ஏற்க எவருக்குத்தான் மனம் வரும்? எனவே அந்த உணர்வைத் தனக்குள்ளும் அவள் ஒப்புக்கொள்வதில்லை. அது போய்விட்டதா? இல்லை. சில நாட்களில் வேறு உடுப்பில் வருகிறது. "அவளுக்கு எல்லாப் பாடத்துக்கும் டியூசன்." "அவ டீச்சர்மார்ட செல்லப்பிள்ளை." "ரிசல்ட்ஸ் வந்ததிலிருந்து பெருமை பிடிச்சுப் போச்சு." இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது தோழி. நேற்று வரை நல்லவளாயிருந்தவள் இன்று பெருமைக்காரி ஆகிவிட்டாள். அவளிடம் எந்த மாற்றமும் இல்லை. மாறியது பார்த்த கண்.

"எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று முதல் நாளே தனக்குள் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நட்புக்கு இத்தீங்கு நேர்ந்திராது. ஏற்கப்படாத உணர்வு பெரும்பாலும் நியாயத்தின் வேடத்தில்தான் திரும்பி வருகிறது. அதனால்தான் அதை அடையாளம் காண்பது கடினம்.

அடக்கினால் அடங்கிவிடும் என்பவர்களுக்கு உளவியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னரும் அவரது சகாக்களும் மாணவர்களிடம் ஒரு விசித்திரமான வேலையைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி ஓயாமல் ஒலித்தது. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களை விட இவர்கள் அதைக் கூடுதலாக நினைத்தார்கள். ஒரு கரடிக்கே இந்த நிலை என்றால், நெஞ்சைக் குத்தும் பொறாமையையும் கோபத்தையும் "நினைக்காதே" என்ற ஒரு சொல்லால் துரத்த முடியுமா?

நம் மார்க்கம் உணர்வுகளைக் குற்றமாக்குகிறது என்று நினைப்பவர்கள், ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் ஒரு நிகழ்வைக் கவனிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பி வைத்தார். வீட்டிலிருந்த மனைவி அதைக் கொண்டுவந்த பணியாளரின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. அந்த மனைவி ஆயிஷா (ரழி) அவர்களே என்று வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. நபியவர்கள் என்ன செய்தார்கள்? சிதறிய துண்டுகளையும் உணவையும் தம் கையாலேயே பொறுக்கினார்கள். அங்கிருந்தவர்களிடம், உங்கள் தாய்க்கு ரோஷம் வந்துவிட்டது என்ற கருத்தில் ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்த உடையாத பாத்திரத்தை எடுத்து, அனுப்பியவருக்குக் கொடுத்தார்கள். உடைந்தது உடைத்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இந்தச் சிறு நிகழ்வுக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. உணர்வுக்கு அதன் சரியான பெயர் சொல்லப்பட்டது. அந்தப் பெயரை வைத்து அவர்களின் குணத்துக்கு எந்தத் தீர்ப்பும் எழுதப்படவில்லை. அதே வேளை, "பாவம், ரோஷத்தில்தானே செய்தார்" என்று பாத்திரத்தின் கணக்கு விடப்படவும் இல்லை. உணர்வுக்குப் புரிந்துணர்வு, செயலுக்கு ஈடு. இரண்டும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று கெடுக்காமல் நடந்தன.

துக்கமும் இப்படித்தான். தம் மகன் இப்ராஹீம் உயிர் பிரியும் வேளையில் நபியவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. மகன் யூசுபைப் பிரிந்த கவலையில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. நபிமார்கள் அழுதிருக்கும்போது, மௌத்து வீட்டில் தேம்பி அழும் பிள்ளையிடம் அழுவதே சபூர் இன்மை என்று எப்படிச் சொல்வது?

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் என் வயதுத் தோழியருக்குச் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் உணர்வைக் குற்றமாக்குகிறார்கள் என்றால், நம்மில் பலர் உணர்வையே தீர்ப்பாக்கிவிடுகிறோம். "எனக்கு அப்படித் தோணுது, அதனால் அது அப்படித்தான்." வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் தோழி பார்த்துவிட்டாள், நீல நிற அடையாளமும் விழுந்துவிட்டது, பதில் மட்டும் இல்லை. மனம் வலிக்கிறது. அந்த வலி உண்மை. ஆனால் "அவள் என்னை அவமதித்தாள்" என்பது வலி அல்ல, முடிவு. உயர்தரத்தில் அளவையியல் படிக்கும் எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுகிறது. எடுகூற்று ஒன்று உண்மையாக இருப்பதனால் மட்டும் முடிவு உண்மையாகிவிடாது. அவள் வீட்டில் யாருக்கேனும் சுகமில்லாதிருக்கலாம். உம்மா போனை வாங்கி வைத்திருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் எழுதும் தீர்ப்பு ஒருபக்கத் தீர்ப்பு.

கோபமாக இருக்கும் நிலையில் நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்ற நபிமொழியை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். கோபமே வராதவரைத்தான் நீதிபதியாக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கோபம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த வேளையில் தீர்ப்பைத் தள்ளி வைக்கச் சொல்கிறது. தான் கோபமாக இருக்கிறேன் என்பதை உணராத நீதிபதியால் எப்படித் தள்ளி வைக்க முடியும்? உணர்வை ஏற்பது நீதிக்கு முதற்படி என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் நல்லது கெட்டதை முடிவு செய்யும்போது உணர்வை முற்றாக ஒதுக்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில் எலியட் என்ற புனைபெயரில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையின் முன்பகுதியிலிருந்த கட்டியை அகற்றிய பின், அவரது அறிவுத்திறன் சோதனைகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் உணர்வுகள் மங்கிப் போயிருந்தன. விளைவு, சாதாரணமான விடயங்களில் கூட அவரால் சரியான முடிவெடுக்க இயலாமல் போயிற்று. தொழிலையும் குடும்பத்தையும் இழந்தார். உணர்வில்லாத அறிவுக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரிவதில்லை.

நம் சமூகத்தின் அண்மைய அனுபவமும் இதற்குச் சான்று. 2020 ஏப்ரலில், கொவிட்டால் மரணித்தோரின் உடல்களைத் தகனம் செய்வது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. டிசம்பரில் பிறந்து 20 நாளேயான சிசுவொன்றும் எரிக்கப்பட்டபோது நாடெங்கும் நெஞ்சங்கள் கொதித்தன. அந்தக் கோபம் தவறா? அநீதி நடந்திருக்கிறது என்று நமக்கு முதலில் சொன்ன சாட்சி அந்தக் கோபமே. அது கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணியாக மாறி, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் கட்டப்பட்டது. கட்டியவர்களில் மற்றச் சமயத்தவர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அதே கோபம் "அவங்க எல்லாரும் இப்படித்தான்" என்று பேசத் தொடங்கியிருந்தால், வேலியில் துணி கட்டிய அந்தக் கைகளையும் சேர்த்தே குற்றவாளியாக்கியிருக்கும். ஸூரத்துல் மாஇதாவின் 8ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது. வெறுப்பு மனதில் இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே அது நீதியைக் கட்டளையிடுகிறது.

தோழியரே, உணர்வு வரும்போது முதலில் அதன் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொன்ன பின், அது என்ன குற்றச்சாட்டைக் கொண்டுவந்திருக்கிறது என்று கேளுங்கள். அது உண்மையா என்று விசாரித்த பிறகே வாயைத் திறங்கள். நின்றிருக்கும்போது கோபம் வந்தால் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் நபியவர்கள் சொன்னது, அந்த இடைவெளியை நமக்குப் பெற்றுத்தரவே என்று எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோரே, மகள் கோபத்தில் தம்பிக்கு அடித்துவிட்டால், "கோவம் வந்தா வரட்டும் மகள், ஆனா அடிக்க ஏலாது. போய் அவன்ட மாப்புக் கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவள் மனதில் எழுந்ததையும் அவள் கை செய்ததையும் நீங்கள் பிரித்துக் காட்டியவர்களாவீர்கள். தன் உள்ளத்தில் நடப்பதை உம்மாவிடம் பயமின்றிச் சொல்லப் பழகிய பிள்ளை, அதை நியாயத்தின் வேடத்தில் ஊராரிடம் கொண்டு போகமாட்டாள்.