காய்ச்சலோடு மலைக்குப் போகாதீர்கள்

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணம் வடமராட்சியில், கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கங்களில், காய்ச்சல் கண்ட சிலர் மூச்சுத் திணறி அடுத்தடுத்து இறந்தார்கள். பரிசோதித்ததில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அது பெருமழையும் வெள்ளமும் வந்து போன நேரம்.

கரவெட்டி நமக்குத் தூரம். இந்த நோய் தூரமில்லை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரிலிருந்து, காலில் உள்ள கீறல் வழியாக அது உடலுக்குள் ஏறுகிறது. அட்டைக்கடியோடும் வெட்டுக்காயத்தோடும் கான் வெட்டுகிற நம் கால்கள் மட்டும் தப்புமா?

இந்த நோயில் மருந்து பாதி, தாதியரின் கவனிப்பு பாதி. மூச்சை எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும், இரத்த அழுத்தம் பார்ப்பதும் அவர்களே. சிறுநீர் குறைந்தாலோ மூச்சு வேகமெடுத்தாலோ ஆபத்தை முதலில் அறிகிறவர்களும் அவர்களே. கைக்குழந்தைக்கு ஓர் அளவு, கர்ப்பிணிக்கு ஓர் அளவு, முதியவருக்கு வேறு அளவு. அதை அறியப் பயிற்சி வேண்டும். எனவே தோட்ட மருந்தகங்களில் இரவும் பகலும் பயிற்சி பெற்ற தாதியர் வேண்டும் என்று கோருகிறோம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் இருந்தால், பேர் போய்விடுமே என்று பனடோல் விழுங்கி மலைக்குப் போகாதீர்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் 1990 அம்புலன்சை அழையுங்கள், காசு கேட்கமாட்டார்கள். நோயாளியின் பேரை யாராவது வெட்டினால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். நியாயம் கேட்பது சங்கத்தின் வேலை.