எபேசுவின் தட்டானும் நம் வீட்டு ஷோகேஸும்

தியான பகுதி: அப்போஸ்தலர் 19:18–27, கொலோசெயர் 3:5, 21





இந்த வாரம் ஆறுதலான ஒரு தியானத்தை எழுதவே எண்ணியிருந்தேன். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நம் ஆராதனையில் வெறுமையாக இருக்கும் ஓர் இருக்கை என்னை வேறொன்றை எழுதத் தூண்டுகிறது. அந்த வாலிபன் யாரென்று கேட்க வேண்டாம்; அறிந்தவர்கள் பிறரிடம் சொல்லவும் வேண்டாம். அவனுடைய அனுமதியையும் அவன் தகப்பனாருடைய அனுமதியையும் பெற்றே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நம் சபைக்கு வெளியே நடந்த ஓர் உபவாசக் கூட்டத்தில், ஜப்பானிய அனிமே கதாபாத்திரங்களின் பொம்மைகள் பிசாசின் உருவங்கள் என்றும், அவற்றை உடைத்து வீட்டைச் சுத்திகரிக்க வேண்டும் என்றும் ஒரு பிரசங்கியார் முழங்கினார். அதைக் கேட்டுத் திரும்பிய தகப்பனார், மகன் கல்லூரிக்குச் சென்றிருந்த வேளையில், அவனுடைய அலமாரியில் இருந்த பதினான்கு பொம்மைகளையும் சுத்தியலால் நொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். அவை தகப்பன் பணத்தில் வாங்கியவை அல்ல. இரண்டு ஆண்டுகள் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அவன் ஈட்டிய பணத்தில் வாங்கியவை. மறுநாள் தகப்பனார் இதை வெற்றிச் சாட்சியாக என்னிடம் அறிவித்தார். நான் மறுப்பு ஏதும் சொல்லாமல் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்காக முதலில் மனந்திரும்ப வேண்டியவன் நானே.

இப்படிப்பட்ட செயலுக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படும் வேதபகுதி அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம். எபேசு பட்டணத்தில் மாயவித்தைப் புத்தகங்கள் யாவரும் பார்க்கச் சுட்டெரிக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. உண்மைதான். ஆனால் அந்த வசனங்களை நிதானமாக வாசியுங்கள். புத்தகங்களைக் கொண்டுவந்தவர்கள் யார்? அவற்றுக்கு உரியவர்களே. விசுவாசித்து, தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டு, தாங்களே சுமந்து வந்தார்கள். எபேசு சபையின் மூப்பர் எவரும் பிள்ளை இல்லாத நேரம் பார்த்து அவன் அறைக்குள் நுழைந்ததாக அங்கே எழுதப்படவில்லை. மனந்திரும்புதலை ஒருவர் மற்றொருவருக்காகச் செய்ய முடியாது. பிறனுடைய பொருளை உடைப்பதற்குப் பெயர் பரிசுத்தம் அன்று.

அந்தப் பிரசங்கியார் குறிப்பாகச் சாடிய கதை ‘டீமன் ஸ்லேயர்’. தலைப்பிலேயே பிசாசு இருக்கிறதே, இதைவிடச் சான்று வேண்டுமா என்றாராம். நான் நம் வாலிபரோடு அமர்ந்து அதன் தொடக்கப் பகுதிகளைப் பார்த்தேன். கரி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு சிறுவன். அவன் வெளியே சென்றிருந்த இரவில் குடும்பத்தார் கொல்லப்படுகிறார்கள். உயிர் தப்பிய ஒரே தங்கையும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை வெட்டிவிடுவதே நியாயம் என்று பிறர் சொல்லும்போதும் அவன் கைவிடுவதில்லை. அவளை மறுபடியும் மனுஷியாக்க வேண்டும் என்று, ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்தே திரிகிறான். இந்தக் கதையில் இரத்தம் மிகுதி. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. அனிமேயில் ஆபாசமானவையும் உண்டு. பெற்றோர் அருகில் அமர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பிசாசை வணங்கு என்று இந்தக் கதை போதிப்பதாகச் சொல்வது பொய்ச்சாட்சி. அரக்கியாகிப்போன தங்கையை அவன் சுமந்தான். நாமோ பதினான்கு பொம்மைகள் வைத்திருந்த ஒரு மகனைச் சுமக்க மாட்டாமற்போனோம்.

இதை வாசித்து மகிழ்கிற வாலிபரே, போதகர் நம் பக்கம் என்று அவசரப்பட வேண்டாம். அதே 19-ஆம் அதிகாரத்தில் சற்றுக் கீழே வேறொரு மனிதன் நிற்கிறான். அவன் பெயர் தெமேத்திரியு, தொழிலால் தட்டான். தியானாளின் கோவிலைச் சின்னஞ்சிறு வடிவில் வெள்ளியில் வார்த்து விற்றவன். பவுலின் பிரசங்கத்தால் ஆபத்து வந்தபோது அவன் முதலில் பேசியது எதைப் பற்றி என்று பாருங்கள். முதலில் தொழில், வருமானம். அதன் பிறகே தேவியின் மகிமை. பக்தியைக் கைக்கு அடக்கமான உருவமாக்கி விற்கும் வித்தை இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை.

நீங்கள் நேசிக்கும் அனிமேயின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1963-இல் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொலைக்காட்சிக்கு அளித்தபோது, தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கே கொடுத்தார். நட்டத்தை ஈடுகட்டியது கதாபாத்திரத்தின் உருவம் பதித்த பொருள்களின் வருமானம். மெய்ஜி நிறுவனத்தின் சாக்லேட்டோடு வந்த ஒட்டுப்படங்களுக்காகவே பிள்ளைகள் அதை வாங்கினார்கள். தொடக்கமுதலே கதையும் கடையும் இரட்டைப் பிள்ளைகள். 1977-இல் பண்டாய் நிறுவனம் காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. எந்தப் பொம்மை விழும் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. 2025-இல் லபுபு பொம்மைக்காக உலகெங்கும் மக்கள் வரிசையில் நின்றதும் இதே முறையால்தான்: உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத மூடிய பெட்டி. வேண்டியது கிடைக்கும்வரை வாங்கு என்பதே அதன் உபதேசம். சீட்டுப் போடுதலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

‘டீமன் ஸ்லேயர்’ கதையை எழுதிய கொயொஹாரு கொதோகே அதை 2016-இல் தொடங்கி 2020-இல் முடித்துவிட்டார். இருபத்துமூன்று நூல்களில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். கதை முடிந்தது, வியாபாரம் முடியவில்லை. 2025 செப்டம்பரில் தமிழ் பேசி நம் சென்னைத் திரையரங்குகளுக்கு வந்த ‘இன்ஃபினிட்டி கேஸில்’, கதையின் இறுதிப் பகுதியை மூன்று படங்களாகப் பிரித்ததில் முதல் படம் மட்டுமே. ஒவ்வொரு படத்துக்கும் புதிய உடை, புதிய வாள், புதிய முகபாவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய பொம்மை. அசல் பொம்மை ஒன்று சில ஆயிரம் ரூபாய். “முழு செட்டும் சேர்ந்துவிட்டால் நிறுத்திவிடுவேன், ஐயா” என்றான் நம் வாலிபரில் ஒருவன். மகனே, அந்த செட் முழுமையடையாது. முழுமையடையாதபடி பார்த்துக்கொள்வதே அவர்களுடைய தொழில். லூக்கா 12-இல் ஐசுவரியவான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். நீ கண்ணாடி அலமாரியை மாற்றிப் பெரிதாக வாங்குகிறாய்.

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது, சனியும் ஞாயிறும். அடுத்த ஆண்டும் சனியும் ஞாயிறும். தங்களுக்குப் பிரியமான பாத்திரத்தைப்போல் உடை தைத்து அணிந்து இளைஞர் திரண்டார்கள். அங்கே தன்னைப்போல் மற்றொருவரைக் கண்டு மகிழும் தனிமைப்பட்ட பிள்ளையை நான் நிந்திக்கவில்லை. நம் வாலிபர் ஐக்கியத்தில் அவனுக்கு அந்த வரவேற்பு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் துக்கம்.

இப்போது பெரியவர்களே, உங்களிடம் வருகிறேன். நவராத்திரி நாள்களில் மயிலாப்பூர் மாடவீதியில் அடுக்கப்பட்டிருக்கும் கொலு பொம்மைகளைக் கடந்துபோகையில், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டுக் கொலுவை நாம் கொலு என்று அழைப்பதில்லை, ஷோகேஸ் என்கிறோம். எருசலேம் யாத்திரையில் வாங்கிய ஒலிவமரச் சிற்பங்கள், யோர்தான் தண்ணீர்ப் புட்டி, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பீங்கான் பாத்திரங்கள், ஒருபோதும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகள். தியாகராய நகர் நகைக்கடைகளில் அட்சய திருதியை நாளில் நிற்கும் கூட்டத்தில் நம் சபையார் ஒருவரும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. டிசம்பர் வந்தால் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள பட்டுக்கடைகளுக்குப் போகும் நம்மில் எத்தனை பேர், சென்ற ஆண்டின் கிறிஸ்துமஸ் சேலை இன்னும் பிரிக்கப்படாமல் பீரோவில் இருப்பதை நினைக்கிறோம்?

விக்கிரகம் ஒன்றுமில்லை என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே பவுல், பொருளாசையையே விக்கிரகாராதனை என்று கொலோசெயருக்கு எழுதுகிறார். ஆகவே விக்கிரகம் பிளாஸ்டிக்கில் இல்லை. போதும் என்று சொல்ல மறுக்கும் இருதயத்தில் இருக்கிறது. அதைச் சுத்தியலால் உடைக்க முடியாது. உடைத்துப் பார்த்த தகப்பனார் கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் ஐந்தாம் வசனத்தோடு நின்றுவிட்டார். இருபத்தோராம் வசனம்வரை வாசித்திருந்தால், பிள்ளைகளை எரிச்சலூட்டி அவர்கள் மனம் தளர்ந்துபோகச் செய்யக் கூடாது என்று தகப்பன்மாருக்கு இடப்பட்ட கட்டளையையும் கண்டிருப்பார். சென்ற வியாழக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து அதை வாசித்தோம். அவர் அழுதார். அன்றிரவே மகனிடம் மன்னிப்புக் கேட்டார். மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. காத்திருப்போம்.

ஆகையால் இந்த மாதம் முழுவதற்கும் ஒரு வேண்டுகோள். பிறருடைய அலமாரியை யாரும் திறக்க வேண்டாம். அவரவர் தம்முடையதைத் திறப்போம். முதலில் பெரியவர்கள், பிறகு வாலிபர். இல்லாவிட்டால் வருந்துவேனா, இதை வாங்கியபோது எந்தத் தேவையைப் புறக்கணித்தேன், இது போதும் என்று என்றைக்காவது சொன்னேனா என்று ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேட்போம். வாலிபரே, அடுத்த பொம்மையை முன்பதிவு செய்யுமுன் முப்பது நாள் பொறுத்திருங்கள். பெற்றோரே, பிள்ளைகள் பார்ப்பதை ஒருமுறையாவது உடன் அமர்ந்து பாருங்கள், அதன்பின் கண்டியுங்கள். எபேசுவில் நடந்ததுபோல், கொண்டுவருகிறவர்கள் தாங்களாகவே கொண்டுவரட்டும்.

அந்த வாலிபன் வரும் ஞாயிறு வந்தால், அவனிடம் ஒன்றும் கேட்காமல் அருகில் இடம் கொடுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, பிறர் கையில் உள்ளதை விக்கிரகம் என்றும் எங்கள் கையில் உள்ளதை ஆசீர்வாதம் என்றும் அழைத்த எங்களை மன்னியும். போதும் என்று சொல்லும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் அவசரத்தால் புண்பட்ட பிள்ளைகளை உமது கரத்தால் தேற்றி, எங்களிடம் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.